மறதி வந்தவரின் தர்மம்

ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில் அன்பர் ஒருவர் நம் அருகில் வந்து அமர்ந்தார். திருவாண்டார்கோயிலில், புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலை ஓரமாகச் சிறிய கடை வைத்துப் பிழைப்பவர். வெகுநேரம் தயங்கிவிட்டு, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. கேட்கவே வெட்கமா இருக்கு" என்று தொடங்கினார்.

அவருடைய தாயாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இளம் வயதில் குரோஷாப் பின்னல் கற்றவர். (பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கி என்று பொருள்படும் சொல்தான் நம் பெண்களின் வாயில் குரோஷா ஆயிற்று.) ஆண்டுதோறும் ரமலான் பிறப்பதற்கு முன் மக்தப் பிள்ளைகளுக்கென்று வெள்ளை நூலில் தொப்பிகள் பின்னிக் கொடுப்பது அந்த அம்மையாரின் வழக்கம். காசு பணமாகக் கொடுக்க வசதி இல்லை. 'என் கையால் ஆன ஸதகா' என்று சொல்லிக்கொள்வாராம்.

நான்கு ஆண்டுகளாக அவருக்கு மறதி நோய். காலையில் சாப்பிட்டது நண்பகலில் நினைவில் இல்லை. மகனை, மரணித்துவிட்ட கணவரின் பெயர் சொல்லி அழைக்கிறார். கையில் வேலை இல்லாவிட்டால் வாசற்கதவைத் திறந்துகொண்டு லாரிகள் பறக்கும் சாலையை நோக்கி நடந்துவிடுகிறார். ஆனால் ஊசியையும் நூலையும் கையில் கொடுத்துவிட்டால் அமைதியாகிவிடுகிறார். விரல்கள் தாமாகவே ஓடுகின்றன.

சிக்கல் இங்கேதான். பின்னுவது தொப்பியாக அமைவதில்லை. ஒரு நாள் வட்டம் குறுகிக் குல்லாய்போல் கூம்பிவிடுகிறது. மறு நாள் விரிந்து தட்டுப்போல் ஆகிவிடுகிறது. யாரும் அணிய முடியாது. நூல் வாங்கிக்கொண்டே இருக்கவும் வசதி இல்லை. ஆகவே மருமகள் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து வந்து, இஷாவுக்குப் பின் மாமியார் உறங்கியதும் அன்றைய பின்னலைப் பிரித்து, நூலை மீண்டும் உருண்டையாகச் சுற்றிக் கூடையில் வைத்துவிடுகிறார். விடிந்ததும் அம்மையார் அதே நூலில் புதிதாகத் தொடங்குகிறார்.

"ஆனா ஹஜ்ரத், மத்ததெல்லாம் மறக்கிறவங்க ஒண்ண மட்டும் மறக்கிறதில்ல. சாயங்காலமானா 'தொப்பியெல்லாம் புள்ளைங்களுக்குப் போச்சா?'ன்னு கேட்பாங்க. நாங்க 'போச்சும்மா'ன்னு சொல்லிடுவோம். அல்ஹம்துலில்லாஹ்ன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவாங்க. இது பொய்யா? எங்களுக்குக் குத்தமா?"

நாம் சற்றும் யோசிக்காமல் விடை சொல்லிவிட்டோம். "தாயின் மனம் குளிரச் செய்கிறீர்கள், அவருக்கோ ஒன்றும் நினைவிருக்கப் போவதில்லை, உங்கள் எண்ணம் நல்லது, குற்றமில்லை" என்றோம். அவர் நிம்மதியாகப் போனார். நமக்குத்தான் அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. 'அவருக்கோ ஒன்றும் நினைவிருக்கப் போவதில்லை' என்ற நம் சொல்லே நம்மை உறுத்திற்று. நினைவு போய்விட்டவரிடம் எதையும் செய்யலாம் என்றா நாம் ஓதிக் கற்றோம்?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறிஞர்கள் எடுத்துச் சொல்லும் ஒரு கடிதம் உண்டு. நேற்று அளித்த தீர்ப்பு, இன்று உண்மை புலப்பட்டபின் அதன்பால் திரும்புவதற்குத் தடையாக இருக்க வேண்டாம் என்பது அதன் கருத்துகளில் ஒன்று. கலீஃபாவின் நீதிபதிக்கே அந்த அறிவுரை என்றால் நாம் எம்மாத்திரம்? நம் விடையை நாமே திருத்திக்கொள்ளும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

மனம் மறந்தாலும் கை மறப்பதில்லை

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. முதுமையில் வரும் எல்லா மறதியும் ஒன்றல்ல. தைராய்டுக் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்றவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே வயதாகிவிட்டது என்று கைகழுவாமல் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் விவரித்த நோய்க்கு இன்றளவும் முழு நிவாரணம் இல்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 100க்கு 7 பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் மக்கள், மூளைத் தேய்வினால் வரும் மறதி நோய்களோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இது ஏதோ ஒரு வீட்டுக் கதையன்று. நம் தெருக்கள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது.

மகன் பெயரையே மறந்தவருக்குப் பின்னல் மட்டும் எப்படி மறக்கவில்லை? அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்றொருவர் இருந்தார். வலிப்பு நோயைத் தணிப்பதற்காக 1953இல் அவருக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தைப் பென்சிலால் வரையும்படி அவரிடம் கொடுத்தார். மூன்று நாள் பயிற்சியில் அவர் கை தேர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும், இதை முன்பு செய்ததாகவே தமக்கு நினைவில்லை என்றார் அவர். நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைக்கும் இடம் வேறு, கைத்திறனைச் சேர்த்து வைக்கும் இடங்கள் வேறு என்ற உண்மை இதிலிருந்து தெளிவாயிற்று. மறதி நோய் பெரும்பாலும் முன்னதைத்தான் முதலில் அரிக்கிறது. பின்னது வெகுகாலம் தாக்குப்பிடிக்கிறது. அந்த அம்மையாரின் விரல்களில் மிஞ்சியிருப்பது அறுபது ஆண்டுப் பழக்கம்.

இதனால் நோய் தீர்ந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பழகிய வேலை மனத்துக்கு அமைதியைத் தரும். அதற்கு மேல் நாம் எதுவும் சொல்லவில்லை.

பேனா உயர்த்தப்பட்டவரின் நன்மை

திருக்குர்ஆன் 16:70, 22:5 ஆகிய இரு இடங்களில், மனிதர்களில் சிலர் முன்பு அறிந்ததையும் அறியாதவராகிவிடும் அளவுக்குத் தள்ளாத வயதுக்குத் திருப்பப்படுவதைக் கூறுகிறது. நபி (ஸல்) அவர்களும் அத்தகைய வயதைவிட்டுப் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். ஆகவே இது ஒரு கடுமையான சோதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் சோதனைக்குள்ளானவர் இழிவானவர் என்று மார்க்கம் எங்கும் சொல்லவில்லை.

மூவரைவிட்டும் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற நபிமொழியை நாம் யாவரும் அறிவோம். பருவம் அடையும்வரை சிறுவர், விழிக்கும்வரை உறங்குபவர், தெளியும்வரை அறிவு பேதலித்தவர் ஆகியோர் அம்மூவர். இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் இவர்கள் செய்வது எதற்கும் கணக்கில்லை' என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. ஒரு பெண்மணி தம் குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என்று அண்ணலாரிடம் கேட்டார். ஆம், உமக்கும் கூலி உண்டு என்று விடை கிடைத்ததாக முஸ்லிம் நூலில் வருகிறது. குழந்தை மீது பேனா உயர்த்தப்பட்டிருந்தும் ஹஜ் அதற்கு உண்டு! தூக்கிச் சுமந்தவருக்கும் கூலி உண்டு! கடமை நீங்கிற்று என்பதால் நன்மையின் வாசலும் அடைபட்டுவிட்டது என்று கொள்வதற்கில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓர் அடியார் நோயுற்றாலோ பயணம் சென்றாலோ, ஊரில் ஆரோக்கியமாக இருந்தபோது செய்துவந்த நற்செயல்களைப் போன்றதே அவருக்கு எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. செயல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தவை என்பது உண்மைதான். இந்த அம்மையார் நிய்யத்தை என்றைக்கு வைத்தார்? நல்ல அறிவோடும் திடத்தோடும் இருந்த காலத்தில், ஒவ்வொரு ரமலானுக்கு முன்பும் வைத்தார். நோய் வந்து அவரைத் தடுத்துவிட்டது. அல்லாஹ்வின் அருளின் மீது நல்லெண்ணம் கொள்வோர், அவருடைய பழைய கணக்கு மூடப்படவில்லை என்றே நம்பலாம்.

அப்படியானால் 'போச்சா?' என்ற அந்தக் கேள்வியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். உணவு மறந்தது, மகன் பெயர் மறந்தது, நாள் கிழமை மறந்தது. கொடுத்தது உரியவரைச் சேர்ந்ததா என்ற கவலை மட்டும் மறக்கவில்லை. அவர் தேடுவது பொழுதுபோக்கு அன்று. அழும் குழந்தையின் கையில் கிலுகிலுப்பையைக் கொடுப்பது போல நாம் அவர் கையில் நூலைக் கொடுத்தோம். அவரோ அதை ஸதகா என்று நினைத்துப் பின்னிக்கொண்டிருக்கிறார்.

பிரித்த நூல்

திருக்குர்ஆன் 16:92இல் ஓர் உவமை வருகிறது. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிவிட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று அவ்வசனம் எச்சரிக்கிறது. அது உடன்படிக்கையையும் சத்தியத்தையும் முறிப்போரைப் பற்றியது. அதைக் கொண்டு அந்த மருமகளைக் குற்றம் சாட்டுவது நம் நோக்கமன்று. நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து, மாமியாருக்காகக் கண் விழிக்கும் பெண் அவர். எனினும் அந்தக் காட்சி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அந்தப் பெண் பாழாக்கியது தன் உழைப்பை. நாமோ பிறருடைய உழைப்பை, அதுவும் அல்லாஹ்வுக்கென்று அவர் நினைத்துச் செய்த உழைப்பை, அவர் உறங்கும் நேரத்தில் பிரிக்கிறோம்.

இது பொய்தானா? மறதி நோயாளி சொல்வதையெல்லாம் திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. மரணித்த கணவரைத் தேடும் மூதாட்டியிடம் தினமும் 'அவர் மவ்த்தாகிவிட்டார்' என்று சொல்வது, தினமும் அவரைப் புதிதாக விதவையாக்குவதற்கு ஒப்பாகும். அங்கே பேச்சை மாற்றி ஆறுதல் சொல்வதே கருணை. ஏனென்றால் இறந்தவரைத் திரும்பக் கொண்டுவர நம்மால் ஆகாது. ஆனால் 'போச்சா?' என்ற கேள்விக்கு உண்மையான விடையைத் தர நம்மால் ஆகும். அவர் பின்னியதை உண்மையாகவே யாருக்காவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் போதும். உண்மை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பொய்யை நாடுவதற்கு என்ன நிர்ப்பந்தம் இருக்கிறது? இந்த வேறுபாட்டை அன்று நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்.

செய்யத்தக்கது என்ன?

தொப்பி கோணுகிறதே என்றால், தொப்பியை விட்டுவிடலாமே! வட்டப் பின்னலில் ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை கண்ணி கூட்டுவது, எங்கே நிறுத்துவது என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கைதான் அவரிடம் தவறிப்போகிறது. நேர்வரிசையில் போய்த் திரும்பும் சதுரத் துண்டுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். ஓரம் சற்று வளைந்தாலும், இணைப்பவர் சரிசெய்துகொள்ளலாம். பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோருக்கு நம் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் என்ற பெண்மணி தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற குழுவினர், பல ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பின்னி அனுப்பியவற்றை ஒன்றுசேர்த்து 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை உருவாக்கினார்கள். கின்னஸ் புத்தகத்தில் அது பதிவாயிற்று. பிறகு அப்போர்வைகள் தேவையுள்ளோருக்கு என்று ஒதுக்கப்பட்டன. சாதனை நமக்கு முக்கியமன்று. ஒருவர் கையில் முடியாதது பலர் கையில் சேர்ந்து முழுமை பெறுகிறது என்பதே நமக்கு வேண்டிய பாடம். மாமியார் துண்டைப் பின்ன, மருமகள் இணைக்க, மகன் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பிரிப்பதற்குச் செலவான அதே நேரம் இணைப்பதற்குப் போதும்.

இன்னும் வடிவம் தவறாமல் பின்னக்கூடிய முதியவர்களுக்கு வேறு வழியும் உண்டு. எடை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வெப்பம் காக்கும் முறை 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கி உலகெங்கும் பரவியுள்ளது. அக்குழந்தைகளுக்குத் தலையில் குல்லாய் அணிவிப்பார்கள். தலை வழியாக வெப்பம் விரைவில் போய்விடும் என்பதே காரணம். ஆனால் எதைக் கொடுப்பதாயினும் வாங்குவோரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்லும் நூலில், சொல்லும் அளவில், துவைத்துத் தூய்மையாகக் கொடுக்க வேண்டும். நம் வீட்டு முதியவரின் மனநிறைவுக்காகப் பயன்படாத பொருளைப் பிறர் தலையில் கட்டுவது ஸதகாவாகாது.

ஒரு சட்ட நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அறிவுத் தெளிவு இல்லாதவருடைய சொத்தை அவருடைய பொறுப்பாளர் தர்மம் செய்யக் கூடாது. அந்தச் சொத்து அவருக்காகவே பாதுகாக்கப்பட வேண்டும். ஆகவே நூலைத் தாயின் ஓய்வூதியத்திலிருந்து வாங்காமல், மகன் தன் பணத்தில் வாங்கட்டும். பொருள் மகனுடையது, கொடுப்பவரும் மகன். உழைப்பு தாயுடையது. அந்த உழைப்பின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

நீளமான கை

அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. தம் மனைவியரில் நீளமான கையுடையவரே தம்மை முதலில் வந்து சேருவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். அன்னையர் தத்தம் கைகளை அளந்து பார்த்தார்கள். பின்னர் ஹிஜ்ரி 20ஆம் ஆண்டு ஜைனப் (ரலி) அவர்கள் முதலில் மறைந்தபோதுதான் பொருள் விளங்கிற்று. உருவத்தில் அவர்கள் உயரமானவர்கள் அல்லர். தோல் பதனிட்டும் தைத்தும் கைத்தொழில் செய்து, அதில் கிடைத்ததைத் தர்மம் செய்துவந்தவர்கள். கையின் நீளம் என்பது கொடையின் நீளமே!

ஆனால் அன்பர்களே, ஒரு நாள் அந்த அம்மையாரின் விரல்களும் மறந்துவிடும். ஊசியை எப்படிப் பிடிப்பது என்பதே தெரியாமல் போகும். அன்று அவருடைய மதிப்புப் போய்விடுமா? பயன்படும்வரைதான் மனிதனுக்குக் கண்ணியம் என்றால், அது ஆலைக் கணக்கு. நம் மார்க்கத்தின் கணக்கு வேறு. ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் தர்மம் கடமை என்ற நபிமொழியையும் அதே அபூமூஸா (ரலி) அவர்கள்தாம் அறிவிக்கிறார்கள். பொருள் இல்லாதவர் கையால் உழைத்துத் தாமும் பயன்பெற்றுத் தர்மமும் செய்யட்டும். அதற்கும் இயலாதவர் துன்புற்றோருக்கு உதவட்டும். அதற்கும் இயலாதவர் நல்லதை ஏவட்டும். அதற்கும் இயலாதவர் பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருக்கட்டும், அதுவே அவருடைய தர்மம் என்று படிப்படியாக இறங்கிவருகிறது அந்த ஹதீஸ். ஏணியின் கடைசிப் படியிலும் ஒரு தர்மம் வைக்கப்பட்டிருக்கிறது. படுக்கையில் அசையாமல் கிடக்கும் முதியவரும் அந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை. ஆகவே கை ஓடும்வரை வேலையை உண்மையாக்கிக் கொடுங்கள். பிள்ளைகளின் மனநிறைவுக்காக வற்புறுத்தி ஊசியைத் திணிக்காதீர்கள். கை ஓய்ந்தபின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருங்கள். பெற்றோர் உன்னிடத்தில் முதுமை அடைந்தால் என்றுதான் திருமறை 17:23 சொல்கிறது. உன்னிடத்தில் என்ற அந்தச் சொல்லுக்குள் நம் கடமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அடுத்த வாரம் நாம் அந்த அன்பரின் வீட்டுக்கே சென்று, "அன்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோம்" என்று ஒப்புக்கொண்டோம். திரைக்கு அப்பாலிருந்து மருமகளின் குரல் வந்தது: "தினம் பிரிக்கும்போது எனக்குமே மனசு கேட்கல ஹஜ்ரத். அவங்க பின்னின முடிச்சு அவ்வளவு இறுக்கமா இருக்கும்."

சில மாதங்களுக்குப் பின் முதல் போர்வை முடிந்தது. நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஓரங்களும் நேராக இல்லை. மார்கழிப் பனியில் இரவுக் காவல் இருக்கும் ஒரு முதியவருக்கு அதைக் கொடுத்தார்கள். அன்று மாலையும் அம்மையார் வழக்கம்போல், "புள்ளைங்களுக்குப் போச்சா?" என்று கேட்டாராம். "போர்வையாப் போச்சும்மா, ஒரு பெரியவருக்கு" என்றார் மகன். அம்மையார் எப்போதும் போல அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுச் சற்று நேரத்தில் அதையும் மறந்துவிட்டார். மகனுக்குத்தான் அன்று தொண்டை அடைத்துக்கொண்டது என்று நம்மிடம் சொன்னார்.

கொடுத்தவர் மறந்துவிட்டார். பெற்றவருக்குக் கொடுத்தவர் யாரென்றே தெரியாது. மறதி என்பதே இல்லாத ரப்பு ஒருவன் அதை அறிந்திருக்கிறான். அவன் நம் முதியவர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக! அவர்கள் நம்மை மறந்தாலும் நாம் அவர்களை மறவாதிருக்கும் பேற்றை நமக்கு அருள்வானாக! நாம் அவசரத்தில் சொன்ன சொல்லை மன்னிப்பானாக! ஆமீன்.